நாலு பக்கப் படிவத்தின் கதை

போன மாதம் எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சனி, ஞாயிறு இரண்டு நாள் மலையடிவாரத்தில் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வந்தோம். கிளம்புவதற்கு முன் எல்லோரிடமும் படிவம் வாங்கி அடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. (காமர்ஸ் படிக்கிறவன் என்றால் ரசீது, கணக்கு, படிவம் எல்லாம் அவன் வேலை என்று ஊர் முடிவு செய்துவிட்டது!)

படிவம் நாலு பக்கம். பெற்றோர் கையெழுத்து, அவசர எண் இரண்டு, ரத்த வகை, ஒவ்வாமை உண்டா, நீச்சல் தெரியுமா, திரும்பும் நேரம், பொறுப்பாளர் பெயர், இடத்தை முன்பதிவு செய்த ரசீது. வகுப்பில் ஒருத்தன் கேட்டான்: "ஏண்டா மாப்ள, ரெண்டு நாள் டெண்ட்ல தூங்குறதுக்கு நாலு பக்கமா? வீட்டுக் கடனுக்குக்கூட இவ்வளவு கேக்க மாட்டாங்கடா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த விதிகளெல்லாம் எங்கிருந்து வந்தன என்று அன்றிரவு தேட ஆரம்பித்தேன். கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தீவு, இரண்டு கட்டணம்

பையன்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கூடாரத்தில் தங்கவைக்கும் சாரணர் இயக்கத்துக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் தொடக்கம் 1907. பேடன் பவல் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, இங்கிலாந்தின் தென்கரையில் பூல் துறைமுகத்துக்குள் இருக்கும் பிரவுன்சீ என்ற சிறு தீவில் ஆகஸ்ட் 1 அன்று ஒரு முகாமைத் தொடங்கினார். சுமார் இருபது பையன்கள். பாதிப் பேர் பணக்கார வீட்டுப் பிள்ளைகள், மீதிப் பேர் உள்ளூர் உழைக்கும் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஒரே கூடாரத்தில் இருவகையும் கலந்து தூங்கினார்கள் என்பதே அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெரிய விஷயம்.

எனக்குப் பிடித்தது கட்டண விவரம். வசதியான வீட்டுப் பையனுக்கு ஒரு பவுண்டு. உள்ளூர்ப் பையனுக்கு மூன்றரை ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்பதால் இது கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்குதான். இருப்பவன் அதிகம் கொடுத்தால் இல்லாதவனும் வரலாம் என்ற கணக்கு. எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் இதற்கு ஒரு பாராவே ஒதுக்கலாம்.

அந்த முதல் முகாமிலேயே இன்றைய விதிகளின் விதைகள் தெரிகின்றன. தீவின் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்கப்பட்டது. ஓநாய், காளை, அண்டங்காக்கை என்றெல்லாம் பெயர் வைத்து பையன்களை நாலு சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூத்த பையனைத் தலைவனாக்கினார்கள். விளையாட்டுபோலத் தெரிந்தாலும் இதில் ஒரு வசதி உண்டு. இருபது தலையை ஒருவர் எண்ணுவதைவிட ஐந்து தலையை ஒருவன் எண்ணுவது சுலபம்.

அடுத்த வருடமே பேடன் பவல் எழுதிய சாரணர் புத்தகம் வெளிவந்தது. அதைப் படித்துவிட்டுப் பையன்கள் தாங்களாகவே ஆங்காங்கே அணி சேர்த்தார்கள். இயக்கம் காட்டுத்தீபோல் பரவியது. நடத்தத் தெரிந்த பெரியவர்களும் விதிகளும் அந்த வேகத்துக்கு உருவாகவில்லை.

1912: கரை தெரியும் தூரத்தில்

அது ஆகஸ்ட் மாத நீண்ட வார இறுதி. திங்கட்கிழமை வங்கி விடுமுறை. தெற்கு லண்டனின் வால்வொர்த் பகுதியைச் சேர்ந்த ஏழைக் குடும்பத்துச் சாரணச் சிறுவர்கள் சிலர் தேம்ஸ் நதி வழியாகப் பாய்மரப் படகில் ஷெப்பி தீவுக்கு முகாம் போனார்கள். அங்கே லேஸ்டவுன் என்ற இடத்தில் கூடாரம் போடுவதாகத் திட்டம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு. கரை கண்ணுக்குத் தெரியும் தூரம் வந்தபோது திடீரென்று அடித்த சூறைக்காற்றில் படகு கவிழ்ந்தது. ஒன்பது சிறுவர்கள் இறந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் சாரணர்கள், ஒருவன் ஒரு பயிற்சிக் கப்பலைச் சேர்ந்த சிறுவன். அப்போது கடற்படை அமைச்சராக இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். உடல்களை லண்டனுக்குக் கொண்டுவர ஒரு போர்க்கப்பலே அனுப்பப்பட்டது. இறுதி ஊர்வலத்தன்று வீதிகளில் மக்கள் வெள்ளம். நன்ஹெட் இடுகாட்டில் அவர்களைப் புதைத்த இடத்தில் ஒரு சாரணச் சிறுவனின் வெண்கலச் சிலை வைத்தார்கள். 1969இல் அந்தச் சிலையையும் யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள்.

இதில் வில்லன் யாரும் இல்லை என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. பையன்களைக் கூட்டிப்போனவர் கெட்டவர் இல்லை. ஏழைப் பிள்ளைகள் கடல் பார்க்கட்டும் என்று நினைத்தவர். நல்ல மனசு மட்டும் இருந்தால் போதாது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காட்டிவிட்டது.

இன்று பிரிட்டன் சாரணர் விதிகளில், பிள்ளைகளை இரவு தங்க அழைத்துப் போகும் தலைவருக்கு அதற்கென்று தனி அனுமதி இருக்க வேண்டும். கிளம்புவதற்கு ஏழு நாட்களுக்கு முன்பே மேலே இருப்பவருக்குத் தகவல் தர வேண்டும். யார் போகிறார்கள், எங்கே, அவசரமென்றால் எப்படித் தொடர்புகொள்வது என்பது ஊரில் இருக்கும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். படிக்க அலுப்பாக இருக்கிறது, இல்லையா? லேஸ்டவுனை நினைத்துக்கொண்டு மறுபடி படியுங்கள்.

1993: யாருக்கும் சொல்லாத சில மணி நேரம்

அடுத்தது முகாம் இல்லை, பள்ளிப் பயணம். ஆனால் சட்டத்தையே மாற்றியது இதுதான்.

1993 மார்ச் 22. இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் பிளிமத் நகரத்துப் பள்ளி மாணவர்கள் எட்டுப் பேர், ஒரு ஆசிரியர், ஒரு தனியார் சாகச மையத்தின் பயிற்றுநர்கள் இருவர் சிறு துடுப்புப் படகுகளில் கடலில் இறங்கினார்கள். பயிற்றுநர்களுக்கு இருந்தது அடிப்படைத் தகுதி மட்டுமே. ஆபத்து என்று காட்ட ஒளிக்குண்டுகூடக் கையில் இல்லை. காற்று அவர்களைக் கடலுக்குள் இழுத்துப்போனது. மதியமே திரும்பியிருக்க வேண்டியவர்கள் வரவில்லை. ஆனால் கடலோரக் காவலுக்குத் தகவல் போனது சில மணி நேரம் கழித்துத்தான். நாலு மாணவர்கள் உயிரோடு திரும்பவில்லை.

பிறகு நடந்த விசாரணையில் ஒரு கடிதம் வெளியே வந்தது. அங்கே முன்பு வேலை பார்த்த இரண்டு பயிற்றுநர்கள், பாதுகாப்பு சரியில்லை என்று முந்தைய வருடமே நிர்வாகத்துக்கு எழுதியிருந்தார்கள். 1994இல் அந்த நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஒரு கம்பெனியே மரணத்துக்குக் காரணமான குற்றத்தில் தண்டிக்கப்பட்டது பிரிட்டனில் அதுதான் முதல் தடவை. கம்பெனிச் சட்டம் படிக்கும் நண்பர்கள் இந்த வழக்கைத் தேடிப் படியுங்கள். 1995இல் புதுச் சட்டம் வந்தது. பிள்ளைகளுக்கு மலையேற்றம், படகு போன்ற சாகசங்களைக் காசுக்கு நடத்தும் மையங்கள் உரிமம் வாங்க வேண்டும் என்றது அது.

அதற்கு முன் விதிகளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பரிந்துரைகள் இருந்தன, கடைப்பிடிப்பதும் விடுவதும் அவரவர் விருப்பமாக இருந்தது.

2018: நம்ம பக்கத்து மலை

இது மட்டும் எனக்குப் படித்துத் தெரிந்தது அல்ல. 2018 மார்ச் 11, அதுவும் ஞாயிறு. தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலைக்கு ஏறிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சுற்றிக்கொண்டது. வார இறுதிக்கு வந்தவர்கள், பெரும்பாலும் இளைஞர்கள், பெண்கள் நிறைய. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் போனது. காயம்பட்டவர்களை மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா கையைப் பிசைந்துகொண்டு வாசலில் நின்றது நினைவிருக்கிறது.

அந்த வருடமே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தார்கள். முன் அனுமதி கட்டாயமானது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளுக்கு இணைய முன்பதிவைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள்.

முன்பதிவு என்றால் இடம் பிடிப்பது, சினிமா டிக்கெட் மாதிரி என்றுதான் நான் நினைத்திருந்தேன். குரங்கணியைப் பற்றிப் படித்த பிறகு வேறு மாதிரி தெரிகிறது. இன்று இந்தக் காட்டுக்குள் எத்தனை பேர், எந்தப் பாதையில், யார் யார் என்று வெளியே ஒருவரிடம் பட்டியல் இருக்க வேண்டும். முன்பதிவின் முதல் பயன் அதுதான்.

என் கையெழுத்து

இவ்வளவும் எழுதிவிட்டு என் கதையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

முதல் வருடத்தில் நண்பர்களோடு இதே மாதிரி ஒரு முகாம் போனேன். வீட்டில் கேட்டால் விடமாட்டார்கள் என்று அப்பாவின் கையெழுத்தை நானே போட்டேன். அவசர எண் என்ற இடத்தில் அறைத்தோழனின் எண்ணை எழுதினேன். இரண்டாம் நாள் மாலை நாங்கள் மூன்று பேர் பாதையை விட்டு விலகி வழி தவறினோம். இருட்டிவிட்டது. பொறுப்பாசிரியர் பயந்துபோய் படிவத்தை எடுத்து என் வீட்டு எண் என்று நினைத்து அழைத்திருக்கிறார். அந்த அறைத்தோழன் என் பக்கத்தில், அதே காட்டில், சிக்னல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தான்!

இரவு ஒன்பது மணிக்கு விறகு சுமந்துவந்த ஒரு பெரியவர் கண்ணில் பட்டோம், "வாங்க தம்பி" என்று கூட்டிவந்து விட்டார். பொறுப்பாசிரியர் திட்டவில்லை. உட்கார்ந்து தண்ணீர் குடித்தார், கை நடுங்கியது. அன்று எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் அப்பாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? இந்தக் கதையை விடுதியில் ஜோக்காகத்தான் பலமுறை சொல்லியிருக்கிறேன். இனி அப்படிச் சொல்ல முடியாது.

ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லா விதியும் நம்மைக் காப்பாற்ற எழுதப்பட்டதில்லை. "எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற வரியும் அதே நாலு பக்கத்தில் இருக்கிறது. தணிக்கைப் பாடத்தில் சொல்வார்கள், ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஒரு நோக்கம் இருக்க வேண்டும், இல்லையென்றால் அது வெறும் காகிதம் என்று. தலையை எண்ணும் விதி வேறு, கையைக் கழுவும் விதி வேறு. நண்பன் கிண்டல் செய்ய வேண்டியது இரண்டாவதைத்தான்.

போன மாத முகாமுக்கு வந்த படிவங்களில் பன்னிரண்டில் அவசர எண்ணாக நண்பர்களின் எண் இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்காதீர்கள், அனுபவம்! பன்னிரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு வீட்டு எண்ணை வாங்கினேன். ரொம்பத் திட்டு வாங்கினேன். கையெழுத்துகளைச் சோதிக்கவில்லை, அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.

ஞாயிறு மாலை பேருந்தில் ஏறும்போது எண்ணினோம். போனது நாற்பத்தொன்று. வந்தது நாற்பத்தொன்று. அப்பாவிடம் அந்தப் பழைய கையெழுத்து விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. அவர் இணையம் பக்கம் வருவதில்லை என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதியிருக்கிறேன். இந்த வாரம் ஊருக்குப் போகிறேன், நேரிலேயே சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.