சொல்தா

ஆங்கிலம் கற்றுத்தரும் காணொளி ஒன்றில் ‘சோல்ஜர் ஆன்’ என்ற தொடர் வந்தது. எத்தனை கஷ்டம் வந்தாலும் விடாமல் தொடர்வது என்று பொருள். புதுச்சேரிக்காரருக்கு ‘சோல்ஜர்’ என்பதன் உறவுச்சொல் பழக்கமானதுதான்: சொல்தா. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்றவரை ஊரில் அப்படித்தான் சொல்வோம். பிரெஞ்சில் எழுதும்போது இறுதியில் ஒரு ‘த்’ உண்டு, ஒலிக்காது. நம்மவர்கள் ஏட்டைப் பார்த்து அல்ல, காதால் கேட்டு எடுத்துக்கொண்ட சொல் இது. எனக்கு அதனாலேயே பிடிக்கும்.

பிரெஞ்சுச் சொல் இத்தாலிய மொழி வழியாகவும், ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாகவும் வந்தவை. வேர் ஒன்றே: ‘சோலிதுஸ்’ என்னும் ரோமானியப் பொற்காசு. கூலி வாங்கிப் போரிடுபவர் என்பதே ஆதிப் பொருள். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பணியாற்றித் திரும்பிய சொல்தாக்களுக்கு பென்ஷன் வந்தது பிரான்ஸிலிருந்துதான்.