மயிற்பொறியும் கையொப்பமும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி குடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். எங்கள் சேந்தமங்கலத்துப் பிள்ளைதான். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் கம்ப்யூட்டரில் அடித்து எடுத்த நானூறு பக்கம்.

"ஏனுங்கண்ணா, ஒரு அரை மணி நேரம் ஒதுக்க முடியுங்களா?" என்றார்.

அரை மணி என்று வருகிறவர்கள் அரை நாள் இருப்பார்கள் என்பது எழுத்தாளனுக்குத் தெரியாத சங்கதி அல்ல. ஆனாலும் உட்காரச் சொன்னேன்.

நாவல்தான். சேலத்துக்கு ரயில் வந்த காலத்தில் கதை தொடங்குகிறது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் எழுபது வளைவுகளிலும், நீராவியில் ஓடும் ராட்சச வண்டி ஒன்று புகை கக்கிக்கொண்டு ஏறுகிறது. மலை மேலே கொல்லிப்பாவை செப்புத் தகட்டாலும் பற்சக்கரங்களாலும் ஆன பதுமையாக நிற்கிறாள். சாவி கொடுத்தால் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பில் ஆள் விழுகிறான்.

இந்த வகைக்கு மேல்நாட்டில் 'ஸ்டீம்பங்க்' என்று பெயர். மின்சாரமும் பெட்ரோலும் அரசாள வராமல், நீராவியும் பற்சக்கரமுமே தொடர்ந்து உலகத்தை ஆண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்வது. 1987-ல் கே. டபிள்யூ. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் பாதி வேடிக்கையாகச் சூட்டிய பெயர், அப்படியே நிலைத்துவிட்டது.

எங்கள் பக்கத்துப் பையனுக்கு இந்த ஆசை வந்ததில் எனக்கு வியப்பில்லை. சேலத்துக்கு ரயில் 1861-ல் வந்துவிட்டது. அங்கிருந்து நாமக்கல்லுக்கு அது வந்து சேர 2013 ஆயிற்று. அதற்குள் நீராவி என்ஜின்கள் எல்லாம் ஓய்வு பெற்றுவிட்டன. ஊருக்கு வராமலே போன ஒன்றைப் பற்றித்தானே மனிதன் கனவு காண்கிறான்!

நாவலை இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பியிருக்கிறார். ஒன்றிலிருந்து பதில் இல்லை. இன்னொன்றில் மரியாதையாகவே கேட்டார்களாம்: "இது சரித்திர நாவலா, விஞ்ஞான நாவலா? கடையில் எந்த அலமாரியில் வைப்பது?"

"அதனால நானே ஆயிரம் பிரதி போட்டுடலாம்னு இருக்கேனுங்க. அம்மா வளையலைக் கேட்டிருக்கேன். அப்பா பத்து நாளாப் பேசறதில்லீங்க" என்றார்.

"வேண்டாம் தம்பி" என்ற சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. என் முதல் சிறுகதைத் தொகுதியை நானும் சொந்தக் காசில்தான் போட்டேன். ஆயிரம் பிரதி. முந்நூறு பிரதியை விற்றுத் தருவதாக வாங்கிப் போனவர் பணமும் தரவில்லை, புத்தகமும் தரவில்லை. மீதி கட்டிலுக்கு அடியில் இருந்தது. என் எழுத்தை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை விடாமல் சுவைத்தது கரையான் ஒன்றுதான்.

ஆனால் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். அந்தப் பிள்ளை செய்ய நினைப்பதை அசட்டுத்தனம் என்றால், தமிழில் பாதி இலக்கியத்தை அசட்டுத்தனம் என்று சொல்ல வேண்டியிருக்கும். அது மட்டுமல்ல, பறக்கும் இயந்திரம் வருகிற ஒரு தமிழ்க் கதை, அசல் நீராவி யுகத்தில், இதே வழியில்தான் அச்சேறியது. அதற்கு முதல் பொறியைப் போட்டவர் பெயரிலேயே எங்கள் சேலம் இருக்கிறது.

சீவக சிந்தாமணியைத்தான் சொல்கிறேன். மந்திரி கட்டியங்காரனின் சூழ்ச்சி முற்றியதும், அரசன் சச்சந்தன் தச்சனைக் கொண்டு செய்வித்த மயிற்பொறியில் கர்ப்பிணியான அரசி விசயையை ஏற்றி அனுப்புகிறான். ஒரு பக்கம் திருகினால் அது மேலே எழும். மறு பக்கம் திருகினால் இறங்கும். பொறி சுடுகாட்டில் போய் இறங்க, அங்கே சீவகன் பிறக்கிறான். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கதை. கோட்டை மதிலில் வைத்த பொறிகளைச் சிலப்பதிகாரமும் வரிசையாகச் சொல்கிறது. ஆக, யந்திரக் கற்பனை நமக்குக் கப்பலில் வந்த சரக்கு அல்ல.

ஆனால் இந்தச் சிந்தாமணி வெகு காலம் ஏட்டிலேயே கிடந்தது. 1880 அக்டோபரில், கும்பகோணம் கல்லூரியில் புதிதாக வேலைக்கு வந்திருந்த இருபத்தைந்து வயதுத் தமிழாசிரியர் ஒருவர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். ஆசிரியர் உ. வே. சாமிநாதையர். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, கலம்பகம், புராணம் என்று ஐயர் அடுக்கினார். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கு முந்திய நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணி படித்ததுண்டா என்றார். ஐயர் கண்டதுமில்லை. அந்த ஒரு கேள்விதான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. பின்னால் 'என் சரித்திர'த்தில் அந்தச் சந்திப்பை அவரே விரிவாக எழுதியிருக்கிறார்.

முதலியார் கொடுத்த பிரதியை வைத்துக்கொண்டு தொடங்கியவர், வேறு ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். ஜைன சமயச் சங்கதிகள் புரியாமல், கும்பகோணத்து ஜைன அன்பர்களின் வீடு தேடிப் போய்க் கேட்டுக்கொண்டார். சைவராகிய இவர் ஜைன நூலைப் பதிப்பிக்கலாமா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. இதற்கிடையில், பதிப்புத் துறையில் அப்போதே பெயர் பெற்றிருந்த சி. வை. தாமோதரம் பிள்ளை, சிந்தாமணியைத் தம்மிடம் கொடுத்துவிட்டால் தாமே அச்சிடுவதாகக் கேட்டார். கொடுத்திருந்தால் கவலை விட்டிருக்கும். ஐயர் கொடுக்கவில்லை.

பணத்துக்கு என்ன செய்தார்? கையொப்பம் வாங்கினார். அந்தக் காலத்து வழக்கம் அது. புத்தகம் அச்சாகும் முன்பே, 'எனக்கு ஒரு பிரதி வேண்டும்' என்று வாசகர் பெயர் எழுதிக் கையொப்பம் இடுவார். நண்பர், நண்பருக்கு நண்பர், வக்கீல், உத்தியோகஸ்தர், ஊர்ப் பெரியவர் என்று ஆள் ஆளாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும். கல்லூரி விடுமுறைகளில் ஐயர் சென்னைக்குப் போய் அச்சுக்கூடத்தில் உட்கார்ந்து புரூப் திருத்தினார். 1887-ல் புத்தகம் வெளிவந்தது. முன்சீப் கேள்வி கேட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது. விசயையின் மயிற்பொறி அச்சில் பறந்தது, முகம் தெரிந்த சில வாசகர்களின் கையொப்பத்தில்தான்.

இதைச் சொன்னபோது இளைஞர் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் உடனே மற்றொரு கதையையும் சொன்னேன். வெற்றிக் கதையை மட்டும் சொல்லி ஒரு பிள்ளையைக் கிணற்றில் இறக்கக் கூடாது அல்லவா?

1920-ல் கடையத்திலிருந்து பாரதியார் ஒரு திட்டம் போட்டார். தம் எழுத்துக்களை நாற்பது புத்தகங்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதி அச்சடிப்பது. மொத்தம் நான்கு லட்சம் பிரதிகள்! முதலுக்கு 20,000 ரூபாய் வேண்டும். நண்பர்கள் கடனாகக் கொடுத்தால் வட்டியோடு திருப்புவதாக வேண்டுகோள் அனுப்பினார். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் போலத் தம் புத்தகங்கள் வீட்டுக்கு வீடு போகும் என்று நம்பினார். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவரே போய்விட்டார்.

அவர் கணக்கு தப்பு என்று யார் சொல்ல முடியும்? 1949-ல் சென்னை அரசாங்கம் அவருடைய நூல்களின் உரிமையை வாங்கியது. பிறகு அது பொதுவுடைமை ஆயிற்று. இன்று பாரதி இல்லாத வீடு எது? கனவு பொய்க்கவில்லை; கனவு கண்டவருக்குத்தான் பலிக்கவில்லை. நான் கவனித்தது ஒரு சின்ன வித்தியாசம். ஐயர் கேட்டது, வாசகரிடம் ஒரு பிரதிக்குக் கையொப்பம். பாரதியார் கேட்டது, நண்பரிடம் கடன். ஒரு புத்தகம் வேண்டும் என்பவர் நூறு பேர் கிடைக்கலாம். வியாபாரத்தில் பங்கு கொள்கிறேன் என்பவர் ஒருவர் கிடைப்பது கஷ்டம், மகாகவிக்கே கஷ்டமாயிற்று.

"கையொப்பம் கேட்டுட்டே காலம் பூராவும் நடக்க முடியுங்களாண்ணா?" என்று இளைஞர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

நடக்க முடியாதவர்கள் பத்திரிகை நடத்தினார்கள். வடுவூர் துரைசாமி ஐயங்கார் தம் துப்பறியும் நாவல்களுக்காகவே 'மனோரஞ்சினி' நடத்தினார். பள்ளிக்கூடமே போகாத வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925-ல் 'ஜகன்மோகினி'யை வாங்கி, முப்பது வருஷத்துக்கு மேல் அதில் எழுதினார். நூற்றுப் பதினைந்து நாவல்! மாதா மாதம் சந்தா கட்டும் குடும்பங்கள்தாம் அவருக்குக் கையொப்பக்காரர்கள். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா, உப்பு இலாகா உத்தியோகத்தை விட்டு வந்து, சொந்த அச்சுக்கூடம் வைத்து, 1924-ல் 'பஞ்சாமிர்தம்' தொடங்கினார். மறு வருஷமே, சென்னைப் பல்கலைக்கழகக் கூட்டத்தில் தமிழுக்காகப் பேசி அமர்ந்தவர், அங்கேயே உயிர் நீத்தார்.

வடுவூராரின் கதைக்குச் சேலத்தோடு ஒரு முடிச்சு உண்டு. அவருடைய 'கும்பகோணம் வக்கீல்' நாவலைச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் 'திகம்பர சாமியார்' என்று படமாக்கியது. நம்பியார் பல வேஷங்களில் வந்தார். ஆசிரியர் 1942-லேயே காலமாகிவிட்டார். ஆசிரியர் போன பிறகும் நடமாடத் தெரிந்த புத்தகம் அது.

பிறகு இளைஞர் தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தை அவிழ்த்தார். பட்டறை முதலாளி ஐம்பது பிரதி வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாராம். புது லாரி எடுக்க வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுப்பாராம். ஆனால் கதைக்குள் பட்டறையின் பெயர் வர வேண்டுமாம்.

"அது இலக்கியத்துக்கு இழுக்குங்களா?"

நான் சிரித்துவிட்டேன். இதற்கும் முன்னோடி இருக்கிறது. சாதாரண ஆள் அல்ல, விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ். 1896-ல் கல்கத்தாவில் 'குந்தலீன்' என்ற கூந்தல் தைலம் விற்ற ஹேமேந்திரமோகன் போஸ் ஒரு சிறுகதைப் போட்டி வைத்தார். கதையில் தைலம் வர வேண்டும். ஆனால் விளம்பரமாகத் தோன்றக் கூடாது. ஜகதீச போஸ் என்ன எழுதினார்? கல்கத்தாவை நோக்கி ஒரு பெரும் புயல் வருகிறது. வந்துகொண்டே இருந்த புயல் திடீரென்று மாயமாகிவிடுகிறது. விஞ்ஞானிகள் காரணம் தெரியாமல் திண்டாடுகிறார்கள். நடந்தது என்னவென்றால், கப்பலில் போன ஒருவர் ஒரு புட்டி கூந்தல் தைலத்தைக் கடலில் ஊற்ற, கொந்தளிப்பு அடங்கிவிட்டது! முதல் பரிசு அந்தக் கதைக்கே. வங்காளத்தின் ஆரம்ப விஞ்ஞானக் கதைகளில் ஒன்றாக அதை இன்றும் படிக்கிறார்கள்.

"தைலத்தை எடுத்துவிட்டால் போஸின் கதையே இல்லை தம்பி. அப்படி உங்கள் பட்டறை இல்லாமல் நீராவி வண்டி மலை ஏறாது என்றால், பெயரைத் தாராளமாகப் போடுங்கள். வண்டி அது இல்லாமலே ஏறும் என்றால், கடைசிப் பக்கத்தில் விளம்பரமாகப் போட்டுக் காசு வாங்குங்கள்."

அவர் அதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

கணக்குப் பிள்ளை ஆயிற்றே என்று கடைசியாக ஒன்று சொன்னேன். ஸ்டீம்பங்க்காரர்கள் குலதெய்வம் போலக் கொண்டாடுகிறவர் சார்லஸ் பாபேஜ். பற்சக்கரத்தால் கணக்குப் போடும் யந்திரத்தை வகுத்த ஆங்கிலேயர். அவருடைய யந்திரம் வெற்றி பெற்றிருந்தால் என்ற கற்பனையில் 1990-ல் ஒரு பெரிய நாவலே வந்தது. அந்த பாபேஜ் 1832-ல் தொழிற்சாலைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதற்குள்ளேயே, வாசகர் கையில் இருக்கும் அந்தப் புத்தகத்துக்குக் காகிதம் எவ்வளவு, அச்சு எவ்வளவு, கட்டு எவ்வளவு, விலையில் கடைக்காரருக்குப் போவது எவ்வளவு என்று புட்டுப்புட்டு வைத்துவிட்டார். புத்தக வியாபாரிகளுக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் அதே வருஷம் இரண்டாம் பதிப்பு வந்தது. வானத்தில் பறக்கிற கற்பனைக்காரனும் தரையில் உட்கார்ந்து காகிதக் கணக்குப் பார்க்கலாம்; அதனால் கற்பனை குறைந்துவிடாது.

இன்றைய கணக்கில் ஒரு பெரிய அனுகூலம் உண்டு. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் ஆயிரம் அடித்தால்தான் கட்டுப்படியாகும். இப்போது நூறு, ஐம்பது, ஏன் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகவும் அச்சடிக்கலாம். கரையானுக்குத் தீனி போட வேண்டியதில்லை. "வளையலை அம்மா கையிலேயே இருக்க விடுங்கள். ஒரு நீள நோட்டு வாங்குங்கள். நூறு கையொப்பம் சேரட்டும். அப்புறம் நூறே பிரதி போடுங்கள். பணக்காரரைத் தேடிப் போகாதீர்கள், படிக்கிறவரைத் தேடிப் போங்கள்" என்றேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் வந்தார். நோட்டைக் காட்டினார். வெல்டர் இருவர், பெயின்டர் ஒருவர், லாரி டிரைவர்கள், ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, கொல்லிமலையில் மிளகு வியாபாரம் செய்கிறவர் ஒருவர், நூலகர். முப்பத்தேழு பெயர். பெயின்டர், அட்டைப் படத்துக்குக் கொல்லிப்பாவையைத் தாமே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். லாரியின் பின்பலகையில் மயில் எழுதுகிற கை; பாவை நன்றாகத்தான் வருவாள்.

"அப்பா?" என்று கேட்டேன்.

"இன்னும் போடலீங்க. ஆனா நேத்து ராத்திரி, விளக்கைப் போட்டுக்கிட்டு நோட்டை எடுத்து யார் யார் போட்டிருக்காங்கன்னு பார்த்துட்டிருந்தாருங்க" என்றார்.

முப்பத்தெட்டாவது வரியில் நான் கையொப்பம் இட்டேன். அதற்கு அடுத்த வரியைக் காலியாக விடச் சொன்னேன்.