சார்ல்ஸ்டன் பண்ணைவீடும் வண்ணம் தீட்டிய பழைய அறைகலன்களும்

சார்ல்ஸ்டன் என்பது இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸ் பகுதியில், ஃபர்ல் சிற்றூருக்கு அருகே, சவுத் டவுன்ஸ் குன்றுகளின் அடிவாரத்தில் உள்ள ஒரு பண்ணைவீடு ஆகும். ஓவியர்களான வனெசா பெல் (1879–1961), டங்கன் கிராண்ட் (1885–1978) ஆகிய இருவரும் 1916இல் இங்குக் குடியேறினர். மலிவாகக் கிடைத்த பழைய நாற்காலிகள், மேசைகள், கட்டில்கள், பெட்டிகள் ஆகியவற்றின் மீதும், வீட்டின் கதவுகள், கணப்படுப்புகள், சுவர்கள் ஆகியவற்றின் மீதும் அவர்கள் தம் கையாலேயே ஓவியம் தீட்டினர். பழைய மரச்சாமான்களைப் புதுப்பித்து அலங்கரிக்கும் இன்றைய வழக்கத்துக்கு முன்னோடியாக அடிக்கடி சுட்டப்படும் வீடு இது. ஓவியம், போர் எதிர்ப்பு, வீட்டு உழைப்பு, பாதுகாப்புக் கலை ஆகிய நான்கும் இவ்வீட்டின் வரலாற்றில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

பின்னணி

மரச்சாமான்களில் ஓவியம் தீட்டுவது ஐரோப்பாவில் பழைய வழக்கம். மறுமலர்ச்சிக் கால இத்தாலியில் திருமணச் சீர்ப்பெட்டிகளின் பக்கங்களில் புராணக் காட்சிகள் வரையப்பட்டன. ஆல்ப்ஸ் மலைப்பகுதிகளிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் உழவர் குடும்பங்களின் அலமாரிகளும் பெட்டிகளும் பூவேலைப்பாடுகளால் நிறைந்திருந்தன. விலை குறைந்த மரத்தின் மீது வண்ணம் ஏறியதும் பொருளின் மதிப்பு கூடியது.

இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வில்லியம் மோரிசும் அவருடைய நண்பர்களும் இவ்வழக்கத்துக்குப் புத்துயிர் கொடுத்தனர். மோரிசின் திருமணப் பரிசாக எட்வர்டு பர்ன்-ஜோன்ஸ் ஓவியம் தீட்டிய பெரிய துணி அலமாரி அக்கால முயற்சிகளுள் புகழ்பெற்றது. ஆனால் மோரிசுக்கு ஓவியம் மட்டும் போதாது. இழைப்பும் பொருத்தும் நேர்மையாக இருக்க வேண்டும், தச்சரின் கைத்திறனுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அடுத்த தலைமுறையினர் இக்கொள்கையிலிருந்து விலகினர்.

ஒமேகா பட்டறை

ஓவியரும் கலைத் திறனாய்வாளருமான ரோஜர் ஃபிரை (1866–1934) 1910இலும் 1912இலும் லண்டனில் நடத்திய இரு கண்காட்சிகள் செசான், வான் கோ, மத்தீஸ் போன்றோரை ஆங்கிலேயருக்கு அறிமுகப்படுத்தின. பலர் அவற்றைக் கண்டு சிரித்தனர். இளம் ஓவியர்கள் சிலருக்கு அவை புதிய வழியைத் திறந்துவிட்டன. அந்த இளம் ஓவியர்களுக்கு நிலையான வருமானம் இல்லை. வாரத்தில் சில நாள்கள் வீட்டுப் பொருள்களுக்கு வண்ணம் தீட்டிக் கூலி பெறலாம், மிச்ச நாள்களில் தம் சொந்த ஓவியங்களைத் தொடரலாம் என்று ஃபிரை திட்டமிட்டார். இவ்வாறு 1913 ஜூலையில் லண்டன் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தின் 33ஆம் எண் கட்டடத்தில் ஒமேகா பட்டறை தொடங்கியது. வனெசா பெல்லும் டங்கன் கிராண்டும் ஃபிரையுடன் அதன் இயக்குநர்களாக இருந்தனர்.

பட்டறையின் பொருள்களில் ஓவியர் பெயர் இடம்பெறாது. கிரேக்க நெடுங்கணக்கின் கடைசி எழுத்தான ஒமேகா மட்டுமே முத்திரையாக இருக்கும். யார் வரைந்தார் என்பதைப் பார்த்து வாங்கக் கூடாது, பொருளைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது இதன் நோக்கம். பெரும்பாலும் வெளியில் செய்த மரச்சாமான்களையே எடுத்து அவற்றின் மீது வண்ணம் தீட்டினர். ஃபிரை வடிவமைத்த பிரம்பு நாற்காலிகளைப் போன்ற சில பொருள்கள் மட்டும் பட்டறைக்கெனத் தனியாகச் செய்விக்கப்பட்டன.

வேலையின் தரம் குறித்துப் புகார்கள் எழுந்தன. தொடங்கிய சில மாதங்களிலேயே ஃபிரையுடன் சண்டையிட்டு வெளியேறிய ஓவியர் விண்டம் லூயிஸ், ஒமேகா நாற்காலியில் உட்கார்ந்தால் அது காற்சட்டையோடு ஒட்டிக்கொண்டு வரும் என்று பிற்காலத்தில் கேலி செய்தார். பகைமையில் எழுந்த கேலி என்றாலும் அதில் ஓரளவு உண்மை உண்டு. மரத்தைப் பக்குவப்படுத்துவதிலும் மேற்பூச்சிலும் பட்டறையினர் போதிய பொறுமை காட்டவில்லை. போர்க்கால நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 1919இல் ஒமேகா மூடப்பட்டது.

போரும் பண்ணைவீடும்

1916ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய நாடாளுமன்றம் கட்டாய இராணுவ சேவைச் சட்டத்தை நிறைவேற்றியது. டங்கன் கிராண்டும் எழுத்தாளர் டேவிட் கார்னெட்டும் மனச்சான்றின்படி போரிட மறுத்தவர்கள். நாட்டுக்குப் பயன்படும் வேலையில் இருந்தால்தான் இத்தகையோர் சிறையிலிருந்து தப்ப முடியும். முதலில் சஃபோக் பகுதியில் தாங்களே பழத்தோட்டம் வைத்துப் பார்த்தனர். ஆனால் சொந்தத் தோட்ட வேலையை அதிகாரிகள் ஏற்கவில்லை. ஒரு பண்ணையாரிடம் கூலிக்குச் சேர்ந்தாக வேண்டும் என்றாயிற்று.

வனெசாவின் தங்கையும் புகழ்பெற்ற எழுத்தாளருமான வெர்ஜீனியா வுல்ஃப் அப்போது சசெக்சில் வீடு வைத்திருந்தார். சார்ல்ஸ்டன் காலியாக இருப்பதை அக்காளுக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தவர் அவரே. 1916 அக்டோபரில் வனெசா தம் இரு மகன்களுடனும் கிராண்ட், கார்னெட் இருவருடனும் அங்குக் குடிபுகுந்தார். ஆண்கள் இருவரும் அருகிலிருந்த பண்ணையில் நாள் முழுதும் வேலை செய்தனர். வீட்டில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. குளிர் கடுமையாக இருந்தது. அது வாடகை வீடும்கூட.

இந்நிலையில்தான் வண்ணம் தீட்டுதல் தொடங்கியது. புதிய அறைகலன் வாங்கப் பணமும் இல்லை, போர்க்காலத்தில் அது எளிதும் அல்ல. கையில் இருந்தவை: பழைய கடைகளில் வாங்கிய சாமான்கள், குடும்பத்திலிருந்து வந்தவை, ஒமேகாவின் மிச்சங்கள். ஒன்றோடொன்று பொருந்தாத இப்பொருள்களை வண்ணமே ஒரு வீட்டுப் பொருள்களாக்கியது. சாம்பல், காவி, வெளிர்நீலம், பழுப்பு மஞ்சள் போன்ற அடங்கிய நிறங்கள் அறைக்கு அறை திரும்பத் திரும்ப வருகின்றன. வட்டம், குறுக்குக்கோடு, பூச்சாடி, நிர்வாண உருவம் ஆகியவை அவர்களின் விருப்பமான வடிவங்கள்.

சில குறிப்பிடத்தக்க பொருள்கள்

விறகுப் பெட்டி: கணப்படுப்புக்கு விறகு போட்டு வைக்கும் சாதாரண மரப்பெட்டி. அதன் பக்கங்களில் இசைக்கும், ஆடும் தேவதைகளைக் கிராண்ட் வரைந்தார். குடியேறிய முதல் குளிர்காலத்தை ஒட்டிய படைப்பு இது.

மார்ஃபியஸ் கட்டில்: வனெசாவின் கட்டிலில் தலைமாட்டுப் பலகையைக் கிரேக்கக் கனவுக் கடவுள் மார்ஃபியசின் முகம் அலங்கரிக்கிறது. இதுவும் கிராண்டின் கைவண்ணமே.

சேவலும் நாயும்: பின்னாளில் நூலக அறையாக மாறிய வனெசாவின் படுக்கையறையில், சன்னலுக்கு மேலே ஒரு சேவலையும் கீழே ஒரு நாயையும் கிராண்ட் தீட்டினார். காலையில் எழுப்பச் சேவல். இரவில் காவலுக்கு நாய்.

வட்ட உணவு மேசை: இன்று காணப்படும் மேற்பரப்பு ஓவியம் ஏறத்தாழ 1952இல் வனெசா தீட்டியது. இம்மேசையைச் சுற்றி ஃபிரை வடிவமைத்த சிவப்புப் பிரம்பு நாற்காலிகள் உள்ளன. பின்னால் உள்ள கறுப்புச் சுவரின் அச்சுவெட்டு வடிவங்கள் 1939ஐ ஒட்டியவை.

இவை எல்லாம் அன்றாடம் புழங்கிய பொருள்கள். குழந்தைகள் ஏறி விளையாடினர், விருந்தினர் சாய்ந்தனர், சாப்பாடு சிந்தியது. பொருளியலாளர் ஜான் மேனார்டு கெயின்ஸ், வெர்சாய் உடன்படிக்கையைக் கண்டித்து எழுதிய புகழ்பெற்ற நூலின் பெரும்பகுதியை 1919 கோடையில் இவ்வீட்டில் தங்கியே எழுதினார்.

செய்முறை

பழைய மரச்சாமானுக்கு வண்ணம் தீட்டத் தச்சரும் வண்ணக்காரரும் பின்பற்றும் ஒழுங்கு உண்டு. ஆட்டம் கண்ட பொருத்துகளை முதலில் இறுக்க வேண்டும். மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் போகக் கழுவ வேண்டும். விரிசல்களில் மக்கு அடைத்து, உப்புத்தாள் கொண்டு தேய்த்து, அடிப்பூச்சு கொடுத்த பிறகே ஓவியம். அது நன்றாக உலர்ந்ததும் வார்னிஷ் அல்லது மெழுகு மேற்பூச்சாக வரும். இதில் எந்தப் படி குறைந்தாலும் வண்ணம் சில ஆண்டுகளில் உரியும்.

சார்ல்ஸ்டன் ஓவியர்கள் இந்த ஒழுங்குக்கு அவ்வளவாகக் கட்டுப்படவில்லை. சுவர்களுக்குச் சுண்ணக்கட்டிப் பொடி, வண்ணப்பொடி, வச்சிரப் பசை ஆகியவற்றை நீரில் கலந்த டிஸ்டெம்பரைப் பயன்படுத்தினர். அது மலிவானது, விரைவில் உலரும், ஒளிராத மென்மையான நிறம் தரும். ஆனால் நீர் பட்டால் கரைந்துவிடும். நிலைத்து நிற்க வேண்டும் என்று எண்ணி அவர்கள் வரையவில்லை. தேய்ந்தால் மறுபடி வரைந்துகொள்ளலாம் என்பதே அவ்வீட்டின் வழக்கம்.

அழிவும் பாதுகாப்பும்

1940இல் ஜெர்மானிய விமானத் தாக்குதலில் வனெசா, கிராண்ட் இருவரின் லண்டன் ஓவியக்கூடங்கள் எரிந்தன. அவர்களின் தொடக்ககாலப் படைப்புகள் பல அழிந்தன. அதன்பின், விறகுப் பெட்டியும் கதவுப் பலகைகளும் அவர்களின் கலை வரலாற்றுக்கே முதன்மைச் சான்றுகளாகிவிட்டன.

1978இல் கிராண்ட் மறைந்தபோது வீடு பழுதடைந்திருந்தது. 1980இல் அமைந்த சார்ல்ஸ்டன் அறக்கட்டளை, பழுதுபார்த்து 1986இல் வீட்டைப் பொதுமக்களுக்குத் திறந்தது. இப்பணியில் ஒரு கடினமான கேள்வி எழுந்தது. மறுபடி தீட்டிக்கொண்டே இருந்த ஒரு வீட்டை எந்த ஆண்டின் தோற்றத்தில் நிறுத்துவது? புதிதாகத் தீட்டினால் அது ஓவியர்களின் கை ஆகாது; தீட்டாமல் விட்டால் ஈரச்சுவரிலிருந்து வண்ணம் உதிர்ந்துவிடும். இயன்றவரை பழைய வண்ணத்தையே ஒட்டி நிறுத்துவது என்ற வழி முதன்மை பெற்றது. நைந்துபோன துணிகளுக்கு மட்டும் பழைய வடிவில் புதியவை அச்சிடப்பட்டன. இதில் லாரா ஆஷ்லி நிறுவனம் உதவியது. அன்று கை வைத்துப் புழங்கிய மேசையை இன்று யாரும் தொடுவதில்லை.

மதிப்பீடு

சார்ல்ஸ்டனைப் பற்றிய பாராட்டுகளில் ஒன்று விடுபடுவதுண்டு. ஓவியர்களுக்கு வரைய நேரம் கிடைத்தது, அடுப்படியை வேறொருவர் கவனித்ததால்தான். 1920இல் வனெசாவிடம் வேலைக்குச் சேர்ந்த கிரேஸ் ஹிக்கென்ஸ், சமையலும் வீட்டுப் பராமரிப்புமாக ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அக்குடும்பத்துக்காக உழைத்தார். வனெசாவின் மகன் குவென்டின் பெல் செய்த நினைவு ஓடு ஒன்று அவர் பெயரைத் தாங்கிச் சமையலறையில் உள்ளது. ஒமேகா பொருள்களில் ஓவியர்கள் விரும்பிப் பெயரை மறைத்தனர். வீட்டு வேலை செய்தோரின் பெயர் யாரும் மறைக்காமலே மறைந்து கிடந்தது.

1990இல் ஆனி ஸ்லோன் உருவாக்கிய சாக் பெயின்ட், தேய்க்காமலும் அடிப்பூச்சு இல்லாமலும் பழைய மரச்சாமான்களில் பூசத்தக்கது. அது பரவிய பின், வீட்டிலேயே அறைகலன்களைப் புதுப்பிப்பது பல நாடுகளில் பெரும் பொழுதுபோக்காகிவிட்டது. அதே வேளையில், அரிய பழம்பொருள்களின் மேல் வண்ணம் பூசினால் அவற்றின் வரலாற்றுத் தடயங்கள் மறைந்துவிடும் என்ற எதிர்ப்பும் உண்டு. அந்த எச்சரிக்கை நியாயமானது. சார்ல்ஸ்டன் ஓவியர்கள் கை வைத்தவை பெரும்பாலும் யாரும் பொருட்படுத்தாத எளிய சாமான்களே. எதைத் தீட்டலாம், எதைத் தொடாமல் விடலாம் என்று முடிவு செய்வோருக்கு அவர்களின் விறகுப் பெட்டி நல்ல அளவுகோலாக அமையும்.