மராத்தியில் பாடப்பட்ட எபிரேய வேதம்

மும்பை யூதர்களுள் பெரும்பான்மையினர் கொங்கண் கடற்கரையிலிருந்து வந்த பெனே இஸ்ரவேலர். செக்காட்டும் தொழிலினராக இருந்த இவர்கள் ஓய்வுநாளில் வேலை செய்ததில்லை. ஆதலால் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை ஓய்ந்திருக்கும் எண்ணெய் வாணியர், என ஊரார் அழைத்தனர். வீட்டுமொழி மராத்தி, எபிரேயம் அறிந்தோர் சிலரே.

இந்நிலையில் 1875இல் ஹாயிம் சாமுவேல் கெஹிம்கர் தம் உடன்பிறந்தாருடன் தொடங்கிய பள்ளி, எபிரேயத்தையும் பொதுக்கல்வியையும் ஒருங்கே கற்பித்தது. பள்ளிக்கு வெளியே அப்பணியை இசை ஏற்றது. 1880 அளவில் பம்பாயில் தோன்றிய யூதக் கீர்த்தனக் குழு, வேதக் கதைகளை மராத்திக் கீர்த்தன முறையில் பாடியும் விளக்கியும் நிகழ்த்தியது. தஞ்சை மராத்தியர் வழியே தமிழகக் கதாகாலட்சேபத்தை வளப்படுத்தியதும் இக்கீர்த்தன மரபே.

1948க்குப் பின் இச்சமூகத்தாருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் புலம்பெயர்ந்தனர். பின்னாளில் சர் எல்லி கதூரியின் பெயர் பெற்று மஸ்கானில் இயங்கும் அப்பள்ளியில் இன்று பயில்வோர் பெரும்பாலும் முஸ்லிம் மாணவர்கள். ஆகவே அங்கு யூத வரலாற்றைக் கற்பித்தல் ஒரு சமயத்தாரின் தனி அலுவலன்று. தாம் பயிலும் பள்ளி எவரால், எதற்காக எழுந்தது என்பதை அறிதல் அம்மாணவர்களின் உரிமை. அப்பாடத்தைக் கீர்த்தனத்திலிருந்து தொடங்கலாம். அயலது எனக் கருதப்படும் ஒரு பண்பாடு, தம் ஊர் மொழியிலேயே பாடியதை அவர்கள் அப்போது அறிவர்.