காலப் பயணப் படங்கள்: பேரன் கேட்ட கேள்விக்கு ஒரு நீண்ட பதில்



போன வாரம் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். எட்டாம் வகுப்பு. "ஆச்சி, டைம் டிராவல் படத்துல எதெல்லாம் பாக்கலாம், சொல்லுங்க" என்றான். நாலைந்து பெயர் சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் ஊருக்குப் போன பிறகுதான் தோன்றியது, வெறும் பெயரை மட்டும் சொன்னால் போதுமா, அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டாமா என்று. முப்பது வருஷத்துக்கு மேல் டீச்சர் வேலை பார்த்த பழக்கம், விடவில்லை. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

இந்தக் கற்பனை நமக்குப் புதிதல்ல. பாகவதத்தில் ககுத்மி என்று ஒரு ராஜா வருகிறார். மகள் ரேவதிக்கு நல்ல மாப்பிள்ளை யார் என்று கேட்க, அவளையும் கூட்டிக்கொண்டு பிரம்மலோகம் போகிறார். அங்கே கச்சேரி நடக்கிறது. முடியட்டும் என்று சற்றுக் காத்திருக்கிறார். பிறகு கேட்டால் பிரம்மா சிரிக்கிறார். அதற்குள் பூமியில் 27 சதுர்யுகங்கள் போய்விட்டன, நீ மனதில் நினைத்து வந்த மாப்பிள்ளைகள் யாரும் இன்று இல்லை என்கிறார். கடைசியில் ரேவதிக்குப் பலராமர் மாப்பிள்ளை ஆகிறார்.

கதையில் ஒன்றைக் கவனியுங்கள். ராஜா முன்னோக்கித்தான் போனார். திரும்பி வர வழியில்லை.

அடுத்து 1895-க்கு வருவோம். இங்கிலாந்தில் எச்.ஜி.வெல்ஸ் எழுதிய 'தி டைம் மெஷின்' நாவல் அந்த வருடம்தான் வெளிவந்தது. அதே வருடம் டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களுக்குச் சினிமா காட்டினார்கள். கால இயந்திரமும் சினிமாவும் ஒரே வயசுப் பிள்ளைகள்.

இன்னொரு சேதி. ராபர்ட் பால் என்ற ஆங்கிலேயர் வெல்ஸின் கதையால் கவரப்பட்டு, 1895 அக்டோபரிலேயே ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டார். ஆட்கள் உட்கார்ந்திருக்கும் மேடை ஆடும், எதிரே படங்கள் ஓடும், பார்ப்பவர்களுக்குக் காலத்தில் பயணம் போவது போலவே இருக்கும். இதுதான் அவருடைய திட்டம். அது கட்டப்படவே இல்லை. ஆனால் சினிமா தவழும்போதே காலப் பயணமும் அதன் கையைப் பிடித்திருந்தது என்பதற்கு இது சாட்சி.

1896-ல் லூமியேர் ஒரு சுவரை இடிப்பதைப் படம் பிடித்தார். அதைத் தலைகீழாக ஓட்டிக் காட்டியபோது, விழுந்த சுவர் புழுதியிலிருந்து எழுந்து மறுபடி நின்றது. போனது திரும்பி வருவதை மனிதர்கள் கண்ணால் பார்த்தார்கள். இந்த வகைப் படங்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஆசைதான் விதை என்று நினைக்கிறேன்.

இனி படங்கள்.

வெல்ஸின் கதையை 1960-ல் ஜார்ஜ் பால் படமாக எடுத்தார். (இவர் வேறு பால்.) கதாநாயகன் இயந்திரத்தில் உட்கார்ந்திருக்கிறான். எதிர்க்கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைக்கு உடை மாறிக்கொண்டே இருக்கிறது. அதை வைத்தே வருடங்கள் ஓடுவது நமக்குப் புரிந்துவிடும். அவன் போய்ச் சேரும் ஆண்டு 8,02,701. சிறப்புக் காட்சிகளுக்காக ஆஸ்கர் வாங்கிய படம். பிள்ளைகள் பார்க்கலாம்.

1962-ல் பிரான்சில் கிறிஸ் மார்க்கர் எடுத்த 'லா ஜெத்தே' 28 நிமிடப் படம். ஏறக்குறைய முழுவதும் அசையாத புகைப்படங்கள்தான். போரில் அழிந்துபோன ஊரில் ஒரு கைதியைக் கடந்த காலத்துக்கு அனுப்புகிறார்கள். ஏன் அவனை? சின்ன வயதில் விமான நிலையத்தில் பார்த்த ஒரு பெண்ணின் முகத்தை அவன் மறக்கவே இல்லை. அந்த ஞாபகம்தான் அவனுக்கு வண்டி. இதைத் தழுவித்தான் 1995-ல் '12 மங்கிஸ்' வந்தது. பெரியவர்களுக்கான படங்கள்.

1985-ல் 'பேக் டு தி ஃபியூச்சர்'. எழுதியவர்களில் ஒருவரான பாப் கேல், தன் அப்பாவின் பள்ளி ஆண்டு மலரைப் புரட்டியபோது, "நானும் அப்பாவும் ஒரே வகுப்பில் இருந்திருந்தால் நண்பர்களாக இருந்திருப்போமா?" என்று யோசித்தாராம். அதில் பிறந்த கதை. 1985-லிருந்து 1955-க்குப் போகும் பையன், தன் அப்பாவையும் அம்மாவையும் பள்ளி மாணவர்களாகப் பார்க்கிறான். அவர்களைச் சேர்த்து வைக்காவிட்டால் அவனே பிறக்க மாட்டான். கையிலிருக்கும் குடும்பப் புகைப்படத்தில் அண்ணனும் அக்காவும் கொஞ்சம் கொஞ்சமாக மறைவார்கள். சிரித்துக்கொண்டே பார்த்தாலும் அந்த இடத்தில் வயிறு கலங்கும்.

இங்கேதான் வரலாறு திரும்புகிறது. வெல்ஸின் ஆள் உலகம் என்ன ஆகும் என்று பார்க்கப் போனான். இந்தப் பையன் தன் வீட்டைச் சரிசெய்யப் போராடுகிறான்.

நம் பக்கத்தில் 1991-ல் சிங்கீதம் சீனிவாச ராவ் தெலுங்கில் 'ஆதித்யா 369' எடுத்தார். 'அபூர்வ சகோதரர்கள்' எடுத்த அதே இயக்குநர். இசை இளையராஜா. கிருஷ்ணதேவராயர் சபைக்கும் போகிறார்கள், எதிர்காலத்துக்கும் போகிறார்கள். தமிழில் 'அபூர்வ சக்தி 369' என்று வந்தது. 2015-ல் ரவிக்குமாரின் 'இன்று நேற்று நாளை'. கால இயந்திரம் கையில் கிடைத்ததும் நம் ஆட்கள் செய்யும் முதல் வேலை, தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்ப்பது! நம்மை நன்றாகத் தெரிந்தவர் எழுதிய கதை. 2016-ல் சூர்யாவின் '24', 2021-ல் ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் 'மாநாடு'.

2022-ல் வந்த 'கணம்' படத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இறந்துபோன அம்மாவைக் காப்பாற்ற ஒருவன் பின்னோக்கிப் போகிறான். கூடப் போகும் நண்பர்களில் ஒருவனுக்கு ஆசை, சின்ன வயசில் படிக்காமல் சுற்றிய தன்னையே பிடித்துப் படிக்க வைக்க வேண்டும் என்பது. முடிவைச் சொல்ல மாட்டேன். அமலாவின் முகத்துக்காகவே பாருங்கள்.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது? ஐன்ஸ்டைன் கணக்குப்படி முன்னோக்கிப் போக வழி உண்டு. வேகத்தாலும் ஈர்ப்பு விசையாலும் கடிகாரம் மெதுவாகும். 2014-ல் வந்த 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தில் ஒரு கிரகத்தில் ஒரு மணி நேரம் பூமியில் ஏழு வருஷம். நம் ககுத்மி கதைதான்! அதற்கு ஆலோசனை சொன்ன கிப் தோர்ன் 2017-ல் நோபல் பரிசு வாங்கியவர். ஆனால் பின்னோக்கி? ஸ்டீபன் ஹாக்கிங் 2009-ல் காலப் பயணிகளுக்கு ஒரு விருந்து வைத்தார். விருந்து முடிந்த பிறகுதான் அழைப்பிதழை வெளியிட்டார். எதிர்காலத்திலிருந்து யாராவது திரும்பி வர முடிந்தால் வந்திருக்க வேண்டும். ஒருவரும் வரவில்லை.

'கணம்' பார்த்த அன்று இரவு பீரோவைத் திறந்து 1993-ஆம் வருட ஐந்தாம் வகுப்பு குரூப் போட்டோவை எடுத்தேன். மூன்றாவது வரிசையில் இடதுபக்கம் ஒரு பெண். வாய்க்கணக்கில் அவளை மிஞ்ச அந்த வகுப்பில் ஆள் கிடையாது. நான் கேள்வியை முடிக்கும் முன் விடை வரும். அந்த மே மாதம் அவள் அப்பா டி.சி. கேட்டு வந்தார். "வேற ஸ்கூலுக்கு இல்ல டீச்சர், படிப்ப நிறுத்தப்போறோம். வீட்டுல பீடி சுத்த ஆள் வேணும்" என்றார். பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். என்னையே பார்த்தாள். நான் பதிவேட்டை எடுத்து எழுதினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று கல்வி உரிமைச் சட்டம் இல்லை, உண்மைதான். ஆனால் எனக்கு வாய் இருந்தது. "ஒரு வருஷம் அனுப்பிப் பாருங்க அண்ணாச்சி" என்று சொல்லியிருக்கலாம். சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

எனக்கு ஒரு இயந்திரம் கிடைத்தால் ராயர் சபைக்குப் போக மாட்டேன். அந்த மே மாதக் காலைக்குத்தான் போவேன்.

அது நடக்காது. அதனால் நடக்கக்கூடியதைக் கேட்கிறேன். அந்த வகுப்புப் பிள்ளைகள் சிலர் இதைப் படிப்பீர்கள். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே அவள் பெயரை எழுத வேண்டாம். இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால், அவளிடம் கேட்டுக்கொண்டு எனக்குத் தனியாகத் தெரிவியுங்கள். இப்போது நாற்பது தாண்டியிருக்கும். அவளைப் பார்த்து, அன்று பேசாமல் இருந்தது என் தப்பு என்று சொல்ல வேண்டும். அவள் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். என்னால் ஆனதைச் செய்ய வேண்டும்.

மற்றவர்கள் உங்களுக்குப் பிடித்த காலப் பயணப் படத்தைக் கீழே எழுதுங்கள். பேரனுக்கு அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்