பஸ்ராவில் மாண்ட பட்டாளத்தார்

வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் பழைய குடும்பங்களின் வம்சாவளியை விசாரிக்கப் புகுந்தால், பாட்டனாருடன் பிறந்தவர் ஒருவர் ஜெர்மன் சண்டைக்காகப் பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ராவுக்குக் கப்பலேறினார், பிறகு திரும்பவில்லை என்ற ஒரே வாக்கியத்தோடு முடிந்துவிடும் கிளை ஏதேனும் ஒரு வீட்டில் தட்டுப்படாமல் இராது. இறந்த திதி தெரியாத காரணத்தால் மகாளய அமாவாசையன்று மற்ற பித்ருக்களோடு சேர்த்து அவருக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்துவந்த தலைமுறை மறைந்தபின், அவருடைய பெயரும் பேச்சிலிருந்து மறைந்துவிடுகிறது. அந்தப் பெயரை மீட்டெடுக்க முயலும் கொள்ளுப்பேரன் முதலில் அறிந்துகொள்ள வேண்டுவது, அக்காலத்து மெசபொடேமியா, அதாவது இன்றைய இராக், எத்தகைய யுத்தகளம் என்பதே.

முதல் உலகப் போரின்போது, 1914 நவம்பரில், பாரசீக வளைகுடாவின் தலைப்பில் உள்ள ஃபாவ் என்னுமிடத்தில் கரையிறங்கிய இந்தியப் படை, அபாதானில் இருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையையும் அங்கே வந்து சேரும் குழாய் வழியையும் காக்கும் முகாந்தரத்தில், அம்மாதத்திலேயே பஸ்ராவைப் பிடித்து, பின்னர் டைகிரிஸ் நதியைப் பற்றிக்கொண்டு வடக்கே ஏறிற்று. பாக்தாதை நெருங்கித் தோற்றுப் பின்வாங்கிய ஒரு டிவிஷன் கூட் நகரில் ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைவான காலம் முற்றுகையில் அகப்பட்டு, குதிரை மாமிசத்தையும் உண்ண மனம் ஒப்பாமல் பலர் மெலிந்து நோயுற்று, 1916 ஏப்ரல் 29-இல் ஏறத்தாழ 13,000 பேராகத் துருக்கியரிடம் சரணடைந்தது. அவர்களுள் பெரும்பாலோர் இந்தியர். சிறைப்பட்டோர் பாலைவனம் வழியே நடத்திச் செல்லப்பட்டு, ராஸ் அல் ஐன் போன்ற இடங்களில் இருப்புப்பாதை வேலையில் உழைத்து மாண்டார்கள். ஆனால் குண்டடி பட்டு இறந்தவர் கணக்கு எல்லாத் துயரத்தையும் காட்டிவிடுவதில்லை. நிழலில் நின்றாலும் தாங்க முடியாத கோடை வெயில், நதிநீரில் பரவிய வாந்திபேதி, சீதபேதி, காய்கறியற்ற உணவால் வந்த ஸ்கர்வி ஆகியவை துப்பாக்கிக்கு நிகராக உயிர் கவர்ந்தன. 1917 மார்ச்சில் பாக்தாதைப் பிடித்த சேனாதிபதி மாட் அவர்களே அதே ஆண்டு நவம்பரில் காலராவுக்கு இரையானார் என்றால், கூடாரத்தில் படுத்த சிப்பாயின் கதி சொல்லவேண்டியதில்லை. ஆகவே, 'சண்டையில் சுடப்பட்டு இறந்தார்' என்ற குடும்பக் கேள்வியை மட்டும் நம்பித் தேடுகிறவர், ஆஸ்பத்திரியில் இறந்தவர்களின் குறிப்புகளையும் விட்டுவிடாமல் பார்க்க வேண்டும்.

சென்னை ராஜதானிக்காரர் வீரத்தில் குறைந்தவர் என்ற ஒரு தப்பெண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ராணுவத் தலைமையில் வேரூன்றி, தமிழ்க் காலாட்படைகள் பல கலைக்கப்படுவதற்கும் ஹேதுவாயிற்று. அந்த எண்ணத்துக்கு ஈடுகொடுத்து நின்று மதிப்பு இழக்காதவர் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சப்பர்கள். பாலம் கட்டுவதும் பாதை வெட்டுவதும் அகழி தோண்டுவதும் தண்ணீர் கொண்டுவருவதும் அவர்கள் தொழில். 'தம்பி' என்று வெள்ளைக்கார அதிகாரிகளே அழைத்த அந்தச் சப்பர்கள் மெசபொடேமியாவிலும் பணியாற்றினார்கள். அவர்களைத் தவிர, கோவேறு கழுதை ஓட்டிகள், சமையற்காரர், சலவைக்காரர், ஸ்ட்ரெச்சர் தூக்குவோர் என்று ஆயுதம் தாங்காத பணியாளர் பெருந்தொகையினராகச் சென்றனர். ராஜதானியிலிருந்து போர்க்காலத்தில் சேர்க்கப்பட்ட ஏறக்குறைய 92,000 பேரில் இப்படிப்பட்டவர் 41,000 பேருக்கு மேல். தம் முன்னோர் எந்தப் பிரிவில் இருந்தார் என்று தெரியாதவர் இவ்விரண்டு வகையையும் மனத்தில் வைத்துக்கொள்வது நலம்.

மாண்டவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பும் பொறுப்பை 1917-இல் அரசப் பத்திரத்தால் நிறுவப்பட்ட போர்க் கல்லறை ஆணையம் ஏற்றது. அதற்கு வழிகாட்டும் அறிக்கையை 1918-இல் எழுதிய பிரடெரிக் கென்யன், பதவியாலும் செல்வத்தாலும் இறந்தோர் வேறுபடுத்தப்படலாகாது என்று விதித்தார். ஆயினும் 1929 மார்ச்சில் பஸ்ராவில் திறக்கப்பட்ட ஸ்தூபியின் கற்பலகைகளில், பிரிட்டிஷ் போர்வீரர்களின் பெயர்கள் சாதாரணச் சிப்பாய் ஈறாக வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்க, இந்திய ரெஜிமெண்டுகளின்கீழ் அதிகாரிகளின் பெயர் மட்டுமே வந்து, அவர்களுக்குக் கீழ்ப்பட்டோர் அத்தனை பேரும் எண்ணிக்கையாகக் கூட்டிச் சொல்லப்பட்டனர். 40,000 பேருக்கு மேற்பட்டோரை நினைவுகூரும் அந்தச் சின்னத்துக்குரியோரில் பெரும்பாலோர் இந்தியராயிருந்தும் நிலைமை இதுவே. இதை ஆட்சியின் கவனக்குறைவு என்று சொல்லி நகர்ந்துவிட என் மனம் ஒப்பவில்லை. ஒரு பிணத்தை எண்ணத் தெரிந்தவனுக்கு அதன் பெயரை எழுதத் தெரியாமற் போவதில்லை. ஆணையமே 2021-இல் வெளியிட்ட தன் விசாரணை அறிக்கையில், இத்தகைய பாரபட்சத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. அச்சின்னம் 1997-இல் சதாம் ஹுசேனின் ஆணையால் ஊருக்கு வெளியே, நசிரியா சாலைக்கு மாற்றப்பட்டது.

ஆனால் கல்லில் விடுபட்ட பெயர் காகிதத்திலும் விடுபட்டுவிடவில்லை. ஆணையத்தின் ஏட்டில் பஸ்ராவுக்குரிய இந்தியர் பெயர்கள் உள்ளன. இப்போது கணினி வழியாகவும் காணலாம். எண், பதவி, படைப்பிரிவு, இறந்த தேதி, அதிருஷ்டமிருந்தால் தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, ஜில்லா. ஆங்கிலக் குமாஸ்தா காதால் கேட்டபடி எழுதிவைத்தது ஆகையால், முனிசாமி என்ற ஒரே பெயர் பலவிதமாகத் திரிந்து கிடக்கும், ஊர்ப்பெயரும் அப்படியே. எனவே பெயரை நம்பி இறங்குவதைவிட, படை எண்ணையும் பிரிவையும் பிடித்துக்கொள்வது உத்தமம். அந்த எண் கிடைக்குமிடம் வீட்டிலேயே இருக்கக்கூடும்: பழைய டிரங்குப் பெட்டியில் துணி சுற்றிய வட்டமான வெள்ளி மெடல் ஒன்றிருந்தால், அரசர் தலையும் குதிரைமேல் வீரனும் உள்ள முகப்புகளை விட்டுவிட்டு, அதன் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். அங்கே சிறு ஆங்கில எழுத்துக்களில் படை எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை வரிசையாக வெட்டப்பட்டிருக்கும். ஆயுதம் ஏந்தாத பணியாளர்க்கு இதே மெடல் வெண்கலத்தில் தரப்பட்டது. வெள்ளி விலைக்கு ஆசாரியிடம் போய் உருகிப்போன மெடல்கள் எத்தனையோ! இறந்தவர் வீட்டுக்கு அரசாங்கம் அனுப்பிய வெண்கலத் தகட்டிலோ, எல்லோருக்கும் ஒரே மாதிரியாகப் பதவி குறிக்காமல் பெயர் மட்டும் எடுப்பெழுத்தில் உண்டு.

இவ்விஷயத்தில் பஞ்சாபியருக்கு வாய்த்த வசதி நமக்கு இல்லை. லாகூர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் கிடந்த, அந்த மாகாணத்துப் போர்வீரர் ஏறத்தாழ 3,20,000 பேரின் கிராமவாரியான பதிவேடுகள் அண்மையில் யாவரும் தேடும்படி வெளியாயின. நமக்குக் கிடைப்பது பல ஊர்களில் பதிக்கப்பட்ட சலவைக்கல் பலகைகள்: இவ்வூரிலிருந்து இத்தனை பேர் மகாயுத்தத்துக்குச் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர்நீத்தனர் என்ற இரண்டே வரி. வேலூர் லாங் பஜாரின் மணிக்கூண்டில் அந்தக் கணக்கு 277 பேர் சென்று 14 பேர் இறந்ததாகச் சொல்கிறது.  பஸ்ராவில் அந்நியர் செய்த பிழை, சொந்த ஊர்க் கல்லிலும் அதே வடிவில் இருக்கிறது. அந்தப் பதினான்கு பேரின் பெயரையும் ஆணையத்தின் ஏட்டில் தாலுகாவை வைத்துச் சலித்து எடுப்பது ஒரு கல்லூரிச் சரித்திர ஆசிரியரும் சில மாணவரும் ஒரு விடுமுறையில் செய்து முடிக்கத்தக்க வேலை. எடுத்தபின், மாநகராட்சியார் மனம் வைத்து, மணிக்கூண்டின் அடியிலேயே, தமிழில், தகப்பன் பெயரோடு அவற்றை வெட்டுவிக்க வேண்டும்.