சோழியில் கணித்த கிரகணம்

ராசிபுரத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் வாதம் பழக்க நான் எடுப்பது 1825-ல் போட்ட ஒரு கணக்கை. சென்னை வானாய்வகத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரனுக்கு, புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர் அந்த ஆண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தரையில் அடுக்கிய சோழிகளும் மனப்பாடமான வாக்கியங்களும்தான் அவருடைய கருவிகள்.

பிழை, தொடக்கத்தில் 4 நிமிடம். எதிர்ப்பக்கமாக நடுவில் 23, முடிவில் 52. சோழிகளை வைத்து இவ்வளவு நெருங்கியதே பெரிய சாதனை என்பேன்.

“பழைய கணக்கு தப்பு சார்” என்று பிள்ளைகள் முடிக்கப் பார்ப்பார்கள். விடமாட்டேன். எது தப்பு, எதை வைத்துச் சொல்கிறாய்? நிலா தன் பாதையில் இருக்கும் இடம் மட்டும் பிசகினால் மூன்று நேரமும் ஏறக்குறைய ஒரே அளவு தள்ளியிருக்க வேண்டும். இங்கே கிரகணம் நீடித்த நேரமே 56 நிமிடம் பிசகுகிறது. அப்படியானால் நிழலின் அளவையோ நிலா அதைக் கடக்கும் பாதையையோ வேகத்தையோ சந்தேகிக்க வேண்டும். வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை தானாக அங்கே வந்து சேரும்போது எனக்கு அத்தனை சந்தோஷம்.

அடுத்து வீட்டுப் பஞ்சாங்கம். கும்பத்துக்குச் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கப்படி அதே ஆண்டு டிசம்பர் 20. வானத்தில் எதைப் பார்த்தால் இந்த வழக்குத் தீரும் என்பதை முதலில் எழுதச் சொல்கிறேன்.